கடல் தாண்டி வந்த பிரிண்டர்

மனிதர்களில் அக்கரைச் சாமான்காரர் என்று ஓர் இனம் உண்டு. நம்முடைய கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்னைக்கும் ரப்பருக்கும் அடுத்தபடியாகச் செழித்து வளர்வது இந்த இனம்தான். மலையோரம் போனாலும் இருப்பார், கடலோரம் வந்தாலும் இருப்பார். உரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். சொந்தத்தில் யாராவது ஒருவர் துபாயிலோ தம்மாமிலோ இருந்தால் போதும், தானாக முளைத்துவிடுவார்.

இவரை அடையாளம் காண்பது எளிது. ஒரு சோப்பைக் கையில் கொடுத்துப் பாருங்கள். நீங்களும் நானும் முகர்ந்து பார்ப்போம். இவர் புரட்டிப் பார்ப்பார். எங்கே செய்தது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கும் இடத்தைக் கண்ணருகே கொண்டுபோய், நகைக்கடைக்காரர் கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்து, நம் நாட்டின் பெயர் இருந்தால் உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதே சோப்பு, அதே நிறம், ஆனால் உறையில் நாலு வரி அரபி எழுத்து இருந்தால், கையை விட்டு இறக்காமல், "இதுக்கொரு மணம் உண்டு, பாத்தியா?" என்பார். உறையை இன்னும் பிரிக்கவே இல்லை. மணம் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து வந்தது. கடலைத் தாண்டும்போதுதான் ஒரு சாமானுக்கு ஞானஸ்நானம் கிடைக்கிறது, அதுவரை அது அஞ்ஞானிச் சாமான் என்பது இவருடைய அசைக்க முடியாத விசுவாசம்.

இவர் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதற்குள் மூடி திறக்காமலே வற்றிப்போன அத்தர் குப்பிகள், எந்தக் காலத்திலோ மிட்டாய் தீர்ந்து இப்போது ஊசி நூல் குடியிருக்கும் தகர டப்பாக்கள், குளச்சல் வெக்கையில் போர்த்தினால் ஆள் வெந்துபோகும் புலிப்படக் கம்பளி, பேட்டரி செத்த டார்ச் விளக்கு எல்லாம் வரிசையாக அமர்ந்து வருகிறவர்களை ஆசீர்வதிக்கும். ஒன்றையும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால் தீர்ந்துவிடுமே. தீர்ந்தால் மறுபடி உள்ளூர்ச் சாமானுக்குப் போகவேண்டி வருமே. அந்த அவமானத்துக்கு அழுக்காகவே இருந்துவிடலாம்.

பொத்தாம்பொதுவாகச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். குளச்சல் கிளீட்டஸைச் சொல்கிறேன்.

கிளீட்டஸ் ஷார்ஜாவில் ஒரு குளிர்கிடங்கில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். இப்போது துறைமுகத்தில் மீன்பெட்டிகள் வாடகைக்கு விடுகிறார். ஒரு தடவை அவருடைய மனைவி லீமாவின் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். கருங்கல் பக்கம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், காலையிலிருந்து மாலைவரை பருப்பின் தோலை உரிப்பது அவள் வேலை. அவளுக்கு முன்னால் கிளீட்டஸ் துபாயிலிருந்து வந்த முந்திரி டப்பாவைத் திறந்து, புனிதரின் திருப்பண்டத்தை முத்தமிட நீட்டுவதுபோல் இரண்டே இரண்டு பருப்பை நீட்டினார். அவள் டப்பாவை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இது எங்க ஆபீசு அண்டியாக்கும். நாங்க உரிச்சு அனுப்பினது."

"உரிச்சது நீங்களா இருக்கலாம்" என்றார் கிளீட்டஸ். "ருசி வச்சது அவன்."

இப்படிப்பட்டவரிடம்தான் அவருடைய ஒரே மகள் ரெஜிஷா போட்டோ கேட்டாள்.

ரெஜிஷா நர்ஸ். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் ஜெர்மன் மொழி படித்து, பரீட்சையில் ஒருதரம் தோற்று, ஒருதரம் ஜெயித்து, கடைசியில் ஜெர்மனியில் வேலை வாங்கிவிட்டாள். கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் விமானம். போனால் திரும்பி வர எத்தனை வருடமோ. ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள் தகப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நம்ம போட்டோவ கொஞ்சம் பிரிண்டு போட்டுத் தாங்க. அவிட ரூமில கட்டிலுக்குப் பக்கத்தில ஒட்டி வைக்கணும்."

"போனில உண்டும்லா, மக்களே?"

"போனில ஆயிரம் படம் கெடக்கு. அதுக்குள்ள உங்கள நான் தேடிட்டா இருப்பேன்? ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து படுத்து, கண்ணத் தொறந்தா நீங்க ரெண்டு பேரும் முன்னால நிக்கணும். சார்ஜு எறங்கினா மறைஞ்சு போற அப்பாவும் அம்மாவும் எனக்கு வேண்டாம்."

அடுக்களை வாசலில் நின்ற லீமா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்கும் ஒண்ணு வேணும். ஈஸ்டர் அண்ணைக்குக் கோயில் வாசலில மூணு பேருமா நின்னு எடுத்தோமே, அத பெருசாப் போட்டு முன்னறையில மாட்டணும். இவ போன பெறவு எனக்குப் பேச ஒரு முகம் வேண்டாமா?"

அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து நிற்கிற படம் அது ஒன்றுதான். மகளின் ஞானஸ்நானம், புதுநன்மை, பள்ளி ஆண்டுவிழா எல்லாப் படங்களிலும் லீமா தனியாகத்தான் நிற்பாள். அவர் அக்கரையில் இருந்த காலம். எந்தத் தகப்பனுக்கும் இந்த இடத்தில் கண் கலங்கும். கிளீட்டஸுக்கும் கலங்கியது, இல்லை என்று சொல்லமாட்டேன். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் என்ன சொன்னார்?

"அப்பம் நல்லதொரு பிரிண்டர் வாங்கணும்."

"பிரிண்டர் எதுக்கு? ஷரீஃபுக்க கடையில குடுத்தா நாளைக்குத் தந்துருவான்" என்றாள் லீமா.

"ஷரீஃபா?" கிளீட்டஸின் முகம் கெட்டுப்போன மீனை மோந்ததுபோல் சுருங்கியது. "அவன் குளச்சல்காரன்லா!"

இவர் எந்த ஊர் என்று நீங்கள் கேட்கக்கூடாது. லீமா கேட்டாள். அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

இனி, அக்கரைச் சாமான்காரர் பிரிண்டர் தேர்ந்தெடுக்கும் அழகைக் கேளுங்கள். முதலில் ஒரு வாரம் வீடியோ பார்த்தார். தமிழில் பேசுகிறவர்களை நம்பவில்லை, நம்மைப்போல் ஒருவன்தானே. ஆங்கிலத்தில் பேசிய சென்னைப் பையனையும் நம்பவில்லை. வெள்ளை அங்கி அணிந்த ஓர் அரபிக்காரர் ஒரு பிரிண்டரைத் தட்டித் தடவி அரைமணி நேரம் பேசிய வீடியோவை மட்டும் மூன்று முறை பார்த்துத் தலையாட்டினார். ஷார்ஜா கிடங்கில் அவர் கற்ற அரபி, பெட்டியைத் தூக்கு, பெட்டியை வை என்ற அளவோடு நின்றுபோயிருந்தது. ஆகவே அரபிக்காரர் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததால் நம்பிக்கை கூடியது.

அடுத்த கட்டம் விசாரணை. முஹம்மது ஷரீஃபின் கடை குளச்சல் கடைத்தெருவில் இருக்கிறது. கம்ப்யூட்டர், பிரிண்டர் விற்பனையும் உண்டு, போட்டோ பிரிண்ட் போட்டுக் கொடுப்பதும் உண்டு. வாங்கமாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டு ஒரு கடைக்குள் நுழைந்து, கடைக்காரரின் அறிவு முழுவதையும் கறந்துகொண்டு வெளியேறுவது இந்த இனத்தின் குலத்தொழில். கிளீட்டஸ் உள்ளே போய் மின்விசிறிக்கு நேரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஷரீஃபே, வீட்டில வச்சு போட்டோ பிரிண்டு எடுக்கதுக்கு எந்த மிஷின் கொள்ளாம்?"

ஷரீஃப் நல்ல வியாபாரி. பொறுமையாகச் சொன்னார். நாலு நிற மை உள்ளது, ஆறு நிற மை உள்ளது. ஆறு நிறமானால் முகத்தின் நிழல் இறங்குவது மென்மையாக இருக்கும். டப்பா டப்பாவாக மை மாற்றுவது ஒரு வகை, தொட்டியில் ஊற்றிக்கொள்வது ஒரு வகை. தாள் பளபளப்பாக இருந்தால் நிறம் எடுப்பாகத் தெரியும், மங்கலாக இருந்தால் விரல் ரேகை பதியாது. மிஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மோசமான தாளில் படம் குளித்துவிட்டுத் துவட்டாத ஆள்போல் நிற்கும்.

"ஆனா அண்ணே, மாசம் எத்தன படம் போடுவிய?"

"இப்பம் ஒரு நாப்பது. பெறவு எதுக்கு?"

"நாப்பது படத்துக்கு எதுக்கு ஒரு மிஷின்? சும்மா வச்சிருந்தா கடக்காத்தில மை காஞ்சு அடைச்சுப் போவும். படத்தத் தாங்க, நாளைக்குச் சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்ன தாறேன். இல்ல, மிஷின்தான் வேணும்னா இந்தா இத எடுங்க. மை தீந்தா கூப்பிடுங்க, வீட்டில கொண்டு தருவேன்."

"ஒரு படம் போட்டுக் காணி, பாப்போம்."

ஷரீஃப் ஒரு பஞ்சவர்ணக்கிளியின் படத்தைப் போட்டுக் காட்டினார். கிளி, இறகு இறகாக, தாளை விட்டுப் பறந்துவிடும்போல் இருந்தது. கிளீட்டஸ் அதை வெளிச்சத்தில் பிடித்தார், சாய்த்துப் பிடித்தார், நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்து மிஷினின் மாடல் எண்ணைப் படம் பிடித்தார்.

ஷரீஃபுக்கு விளங்கிவிட்டது. "வெளிநாட்டில சொல்லி வாங்கப் போறியளா, அண்ணே? இதே மிஷினாக்கும் அங்கயும் விக்கது. ஒரே ஃபாக்டரி."

"ஃபாக்டரி ஒண்ணா இருக்கலாம் மக்கா. நல்லத எல்லாம் அங்க அனுப்பிட்டு, கழிச்சதத்தான் நமக்குத் தள்ளுவான்."

"அப்பம் மை தீந்தா?"

"அவிடத்த மிஷினில மை பெட்டெண்ணு தீராது."

தொழிற்சாலை வாசலில் ஒருவன் நின்றுகொண்டு, நல்லதை வலப்பக்கமும் கெட்டதை இடப்பக்கமும், உலக முடிவின் பொதுத்தீர்வை நாளில் செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பதுபோல் பிரித்துக்கொண்டிருக்கிறான் என்றும், அவனுக்கு வேறு வேலையே இல்லை என்றும், அவன் குறிப்பாகக் குளச்சலுக்குக் கெட்டதை அனுப்பவே பிறந்தவன் என்றும் இந்த இனத்தார் உலகம் முழுவதும் நம்புகிறார்கள். அவனை யாரும் பார்த்ததில்லை. பார்க்காமல் விசுவசிப்பவர்கள் பாக்கியவான்கள்.

அன்று மாலையே ஷார்ஜாவில் இருக்கும் லீமாவின் அண்ணன் மகன் சிஜினுக்குப் போன் போனது. அக்கரைச் சாமான்காரர் இப்படிப்பட்ட போனை வீட்டுக்குள் நின்று பேசமாட்டார். தெருவில், ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்த்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார்.

"சிஜினே, கிறிஸ்துமஸுக்கு வரும்போ ஒரு பிரிண்டர் கொண்டு வா. மாடல் அனுப்பியிருக்கேன்."

"மாமா, அது ரொம்ப எடையாக்கும். அம்மைக்கு ஒரு மிக்சி வாங்கி வச்சிருக்கேன். ரெண்டும் பெட்டியில கேறாது."

"மிக்சியா? மிக்சி இங்க நாகர்கோவிலில நல்லது கெடைக்குமே! அத எதுக்கு அங்கருந்து சொமக்க?"

கேட்டீர்களா? இன்னொருவர் வீட்டுச் சாமான் என்றால் நம் நாடு உடனே முன்னேறிவிடும்.

சிஜினின் அம்மைக்கு மிக்சி வரவில்லை. ரெஜிஷாவுக்குப் படமும் வரவில்லை. ஐப்பசி போய், கார்த்திகை போய், வீடுகளில் நட்சத்திர விளக்கு தொங்க ஆரம்பித்தது. மீன் ஊறுகாய் தயாரானது, தேங்காய்ச் சம்மந்திப்பொடி தயாரானது, பெட்டி பாதி நிறைந்தது. ரெஜிஷா அந்த நாற்பது படத்துக்காக வாங்கிய வெறும் ஆல்பத்தைப் பெட்டியின் மேலாக வைத்திருந்தாள். லீமா ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலி முடிந்து வந்ததும் கேட்பாள். "ஷரீஃபிட்டக் குடுக்கட்டா?" கிளீட்டஸ் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே சொல்லில் மறுப்பார். "வரும்."

வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து, கயிறு போட்டுக் கட்டி, நாலு பக்கமும் பேரும் போன் நம்பரும் மார்க்கரில் எழுதி, சிஜினின் தோளை ஒரு பக்கமாக இறக்கிவிட்டு வந்தது.

பெட்டி திறப்பது இந்த இனத்துக்கு ஒரு திருவழிபாடு. அதைக் கட்டிலில் வைத்துத்தான் திறக்கவேண்டும். தெருவில் நாலு பேராவது கூடியிருக்கவேண்டும். கயிற்றை அறுக்கக்கூடாது, அவிழ்க்கவேண்டும், அந்தக் கயிறும் அக்கரைக் கயிறு. உள்ளே அடைத்திருந்த வெள்ளை தெர்மாகோலைக்கூட எடுத்து, "பாத்தியளா, இதுக்க கனத்த?" என்று கூடியிருந்தவர்களிடம் ஒரு சுற்று விட்டார். பிறகு மிஷினைத் தூக்கி மேசையில் வைத்து, வயரை எடுத்தார். வயரின் முனையில் சதுரமான மூன்று பற்கள். நம் வீட்டுச் சுவரில் வட்டமான மூன்று ஓட்டைகள். இரண்டும் ஒன்றையொன்று அறியாதவைபோல் பார்த்துக்கொண்டன.

"பிளக்கு கேறாது, மாமா" என்றான் சிஜின்.

"பாத்தியாலே? கண்ட எடத்தில எல்லாம் கேறாது."

ஓர் அடாப்டர் வாங்கி வந்து மிஷினுக்கு உயிர் கொடுத்தார்கள். "மொதல்ல நம்ம ஈஸ்டர் படத்தப் போடுங்க" என்றாள் லீமா. கிளீட்டஸ் சிரித்தார். முதல் படத்தையே வீட்டுப் படமாகப் போடுவதா? மிஷின் சூடாகவேண்டாமா? நிறம் பழகவேண்டாமா? ஆகவே ஒரு நீர்வீழ்ச்சி போட்டார். பிறகு பனி மூடிய ஒரு மலை. அடுத்து அவர் ஓட்டாத ஒரு கார். அப்புறம் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவரவர் படம். ஒருவருக்கு அவருடைய விசைப்படகு, ஒருவருக்கு அவருடைய புல்லட், எதிர்வீட்டுக்காரருக்கு அவருடைய நாய். வாங்கியவர்கள் எல்லாரும் "கொள்ளாம், கொள்ளாம்" என்றார்கள். இலவசமாகக் கிடைத்த எதைத்தான் நம் ஊரில் கொள்ளாது என்று சொன்னார்கள்? கிளீட்டஸ் கல்யாண வீட்டுக்காரர்போல் வியர்த்து, எல்லாருக்கும் தாளை நீட்டி நீட்டி அலுத்து, மறுநாள் கிறிஸ்துமஸ் மதியம் பிரியாணி சாப்பிட்டு ஏப்பம் விட்டபிறகுதான் மகளைக் கூப்பிட்டார்.

"மக்களே, வா. இனி நம்ம படம்."

ரெஜிஷா ஆல்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மிஷின் முனகியது, தாளை இழுத்தது, அங்குலம் அங்குலமாக ஈஸ்டர் படத்தை வெளியே தள்ளியது. கோயில் வாசல் நீலம். லீமாவின் பட்டுச்சேலை நீலம். மூன்று முகங்களும் நீலம். மூன்று நாள் கடலில் கிடந்து கரையேறியவர்களைப்போல் அந்தக் குடும்பம் தாளில் நின்று சிரித்தது.

"ஐயோ, மாதாவே!" என்று லீமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடலோரத்துப் பெண் அல்லவா? அந்த நிறம் அவளுக்குத் தெரியும்.

சிவப்பு மையும் மஞ்சள் மையும் தீர்ந்துபோயிருந்தன. புது மிஷினோடு பெட்டியில் வருவது அரைகுறை மை. அது மகளுடைய முகத்துக்குப் போகவேண்டியது, எதிர்வீட்டு நாய்க்குப் போய்விட்டது.

கிளீட்டஸ் அசரவில்லை. ஷரீஃபின் கடையில் அதே எண் போட்ட மை டப்பாக்கள் இருந்தன. ஆளை விட்டு வாங்கி வரச் செய்தார். பெயரும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின. திறந்தார், மாட்டினார், மூடினார். மிஷின் ஒரு கணம் யோசித்தது. பிறகு அதன் சின்னத் திரையில் ஓர் அறிவிப்பு எழுந்தது. ரெஜிஷாதான் வாசித்துச் சொன்னாள்.

"இந்த மை இந்த மிஷினுக்க நாட்டுக்கு உள்ளது இல்லையாம், அப்பா. எந்த நாட்டில மிஷின் வாங்கினோமோ அந்தப் பகுதி மையத்தான் இது எடுக்குமாம்."

எடுத்து மறுபடி மாட்டினார்கள். அதே அறிவிப்பு. அணைத்துப் போட்டார்கள். அதே அறிவிப்பு. சிஜின் மிஷினின் முதுகில் ஒரு தட்டு தட்டினான். அதே அறிவிப்பு.

வாசகரே, இங்கே நான் கொஞ்சம் நின்று கையெடுத்துக் கும்பிட விரும்புகிறேன். கிளீட்டஸை அல்ல, அந்த மிஷினை. குளச்சலுக்கு வந்து, குளச்சல் கரண்டைக் குடித்து, குளச்சல் மேசையில் உட்கார்ந்துகொண்டு, உள்ளூர்ச் சரக்கு என்றதும் வாயை இறுக மூடிக்கொண்டது பாருங்கள்! தன்னை இவ்வளவு தூரம் வரவழைத்த ஆளின் குணத்தை அது அப்படியே கொண்டிருந்தது. தகப்பன் பிள்ளைக்குள்கூட இவ்வளவு பொருத்தத்தை நான் பார்த்ததில்லை.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கைவைத்திருப்பார். கிளீட்டஸின் முகத்தில் என்ன தெரிந்தது என்கிறீர்கள்? பெருமை!

"பாத்தியாடி லீமா? கண்ட மையயும் அது தொடாது. அதாக்கும் குவாலிட்டி!"

லீமா நீலப் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். "பிள்ளைக்கு நாளைக்கு பிளேனு."

"ஷார்ஜாவில சிஜினுக்க ரூம்காரனிட்ட இப்பமே சொல்லுகேன். மை வாங்கி, பொங்கலுக்கு வாறவன் கையில குடுத்து விடுவான்."

"பொங்கலுக்குப் பிள்ள இவிட இருப்பாளா?"

"பெறவு ஜெர்மனிக்கு அனுப்புவோம். அவசரப்பட்டு மோசமான படத்தக் குடுக்கவா? குவாலிட்டி முக்கியம்."

"அவ கேட்டது குவாலிட்டி இல்ல. உங்களத்தான் கேட்டா" என்றாள் லீமா. சொல்லிவிட்டு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, மகளின் போனை வாங்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக இறங்கிப் போனாள்.

ஷரீஃப் கடையை இழுத்து மூடப்போகும் நேரம். லீமா சொன்னதை முழுக்கக் கேட்டார். சிரிப்பு வந்தது, அவள் கண்ணைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

"அக்கா, அண்ணன் என்னக் கொல்லுவாரு."

"கொல்லட்டும். மொதல்ல படத்தப் போடு."

நாற்பது படங்களும் வந்தன. ஈஸ்டர் படத்தைத் தனியாகப் பெரிதாகவும் ஒன்று போட்டார். அவரவர் நிறத்தில் அவரவர் இருந்தார்கள். வெயில் பட்ட நெற்றி கறுப்பாக, சேலை சிவப்பாக, கோயில் சுவர் வெள்ளையாக. லீமா படத்தில் இருந்த மகளின் கன்னத்தை விரலால் தொடப்போய், தாள் அழுக்காகும் என்று விரலை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் தாயும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு ஆல்பத்தை நிறைத்தார்கள். பெரிய படத்தை என்ன செய்வது? சுவரில் மாட்டினால் ஷரீஃப் கடைப் படம் என்று கிளீட்டஸ் அன்றே கழற்றிவிடுவார்.

"அம்மா, இத நான் கொண்டு போறேன். அவிட போயி தபாலில அனுப்புறேன்" என்றாள் ரெஜிஷா. "அப்பம் அப்பாவே ஆணி அடிப்பாரு."

லீமாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, இரண்டில் எது முதலில் என்று தெரியாமல் இருமல் வந்தது.

மறுநாள் விமான நிலையத்தில் தாய் மகளைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். மகள் தாயின் தோளை நனைத்தாள். கிளீட்டஸ்? அவரும் அழுதார். அழுதுகொண்டே, "படம் வரும் மக்களே, நல்ல படமா அப்பா அனுப்புவேன்" என்றார். பாவம், பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பினார். இந்த இனத்தின் கொடுமையே அதுதான்.

பொங்கலுக்கு மை வரவில்லை. மாசி மாதத்தில் ஜெர்மன் தபால்தலை ஒட்டிய ஒரு கெட்டி உறை வந்தது. கிளீட்டஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்து பிரித்தார். ஈஸ்டர் படம். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"லீமா! எடியே, இஞ்ச வா! இதாக்கும் பிரிண்டு! ஒனக்க சேலையில உள்ள சரிகை நூலு எண்ணிப் பாத்துக்க!"

"ஆமா, நல்லா இருக்கு" என்றாள் லீமா, அடுப்பைப் பார்த்தபடி.

இப்படி ஒரு படம் கையில் கிடைத்தபின் வீட்டில் இருப்பு கொள்ளுமா? நேரே ஷரீஃபின் கடைக்குப் போனார். கடையில் நாலு பேர் நின்றார்கள். அது இன்னும் நல்லதாகப் போயிற்று.

"ஷரீஃபே, இதக் கொஞ்சம் பாரு. ஜெர்மனியில போட்டது. பிள்ள அனுப்பியிருக்கா."

ஷரீஃப் படத்தை வாங்கினார். தன் கையால் தாள் வைத்து, தன் கையால் ஓரம் வெட்டிய படத்தை, முதல்முறை பார்ப்பவர்போல் நெடுநேரம் பார்த்தார்.

"இந்த நிழலு எறங்குகத பாத்தியா? இந்தத் தாளப் பாத்தியா? உள்ளதச் சொல்லு. ஒனக்க மிஷினில இப்பிடி வருமா?"

"வராது, அண்ணே" என்றார் ஷரீஃப். "அல்லா சத்தியமாச் சொல்லல, சும்மா சொல்லுகேன். வரவே வராது."

"அது!" என்றார் கிளீட்டஸ். "ஒத்துக்கிட்டியே, அதுக்கும் ஒரு மனசு வேணும்." பிறகு மற்ற நாலு பேருக்கும் காட்டினார். அவர்களும் கொள்ளாம் என்றார்கள்.

மறுநாள் அவரே ஆணி அடித்து முன்னறையில் மாட்டினார். லீமா தினமும் காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் அதன் எதிரில் போய் நின்று மகளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, வளைந்த வழியில் கிடைத்தாலும். கிளீட்டஸ் படத்தைப் பார்ப்பதில்லை. படத்தைப் பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்க்கிறார்.

இது சாமானோடு நிற்கிற வியாதி என்றா நினைத்தீர்கள்? போன வாரம் கிளீட்டஸ் மதியச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, மீன்குழம்பில் விரலை வைத்து நக்கிவிட்டு, தட்டைத் தள்ளிவைத்தார். "லீமா, இனி உப்பக் கொறைக்கணும். எனக்குப் பிரஷர் இருக்காம். ஜெர்மனியிலருந்து மக சொல்லுகா."

"இங்க நாகர்கோவிலில இருக்கும்போ வாரா வாரம் கைய புடிச்சு, பிரஷர் பாத்து, அத தானே சொன்னா? அப்பம் என்ன சொன்னிய? சின்னப் பிள்ள, இவளுக்கு என்ன தெரியும்னு சொல்லலியா?"

"அது அப்பம்" என்றார் கிளீட்டஸ்.

பெற்ற மகளும் கடல் தாண்டினால்தான் நர்ஸ். இதற்கு மேல் இந்த மனிதரைப்பற்றி எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். எதிர்வீட்டுக்காரரின் முகம் ஞாபகம் வருகிறது, மைத்துனரின் முகம் ஞாபகம் வருகிறது, நல்லது. உங்கள் தெருக்கோடி டாக்டர் கொடுத்த மாத்திரையைத் திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னபிறகுதானே விழுங்கினீர்கள்? உங்கள் அக்கா மகளுக்கு உள்ளூரில் பார்த்த பையன் சும்மா பையன், அதே பையன் குவைத்துக்குப் போனதும் தங்கமான பையன் ஆனானே, அது எப்படி? சரி, அதெல்லாம் போகட்டும். இந்தக் கதையையே கனடாவிலிருந்து உங்கள் ஒன்றுவிட்ட தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், முதல் வரியிலேயே ஆகா என்று பத்துக் குழுவுக்குத் தள்ளிவிட்டிருப்பீர்கள். குளச்சல் கிளீட்டஸ் என்று வந்ததும் ஒரு கொட்டாவி விட்டீர்களே, நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?